பல் அடைக்கக் காசு எங்கே? – புதிய இடத்தில் பற்சிகிச்சை பெறும் வழிகள்

பல்லில் விழுந்த ஓட்டையை அடைக்க எவ்வளவு செலவாகும் என்று கேட்டால், முதலில் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: அரச வைத்தியசாலையின் பல் கிளினிக்கில் அதற்குக் கட்டணம் கிடையாது. சோதனைக்கும் இல்லை, அடைப்பதற்கும் இல்லை, பிடுங்குவதற்கும் இல்லை. ஆனாலும் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டங்களில் பலர் ஓட்டைப் பல்லோடு வருடக்கணக்கில் இருந்துவிட்டு, வலி தாங்க முடியாத நாளில் போய்ப் பிடுங்கிவிட்டு வருகிறார்கள். காரணத்தைக் கேட்டால் பெரும்பாலும் "காசு இல்லை" என்பார்கள். அந்தக் காசு வைத்தியருக்குக் கொடுக்கும் காசு அல்ல. பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் போகும் காசு. வேலைக்குப் போகாத நாளில் கைக்கு வராத காசு. ஆகவே இந்தக் கட்டுரையில் இரண்டு செலவுகளையும் சேர்த்தே பார்ப்போம்.

மண்சரிவு அபாயத்தால் இடம்மாறி வந்தவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு, தப்பியவர்கள் பாடசாலைகளிலும் பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் இருந்துவிட்டு, 2016இல்தான் பூனாகலைப் பக்கத்தில் கட்டப்பட்ட 75 வீடுகளுக்குப் போனார்கள். ஏறத்தாழ இரண்டு வருடம். அப்படியான காலத்தில் முதலில் கவனிக்காமல் விடுபடுவது பல்தான். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்க முகாமுக்கே ஆள் வருவார்கள். பல்லில் இருக்கும் சிறு ஓட்டையை யாரும் தேடி வந்து பார்க்கமாட்டார்கள். பல்துலக்கியும் பற்பசையும் உதவிப் பொதியில் வரும். அது தீர்ந்ததும் கடையில் வாங்க வேண்டிய பட்டியலில் கடைசிக்குப் போய்விடும். நிவாரணமாக வரும் பிஸ்கட்டும் சீனியும் பால்மாவும் பிள்ளைகளின் பல்லுக்கு நல்லதும் அல்ல. அதனால் புதிய வீட்டுக்கு வந்து சாமான்களை அடுக்கி முடித்ததும் குடும்பத்தில் எல்லோருடைய வாயையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறோம்.

இது உங்களுக்கும் உரிய வைத்தியசாலை

இலங்கையில் அரச வைத்தியசாலைகளில் கட்டணமில்லாத சிகிச்சை 1951 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1970களில் சில வருடங்கள் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கினார்கள். மூத்தவர்களுக்கு அது நினைவிருக்கலாம். ஆனால் தோட்டத்து மக்களின் அனுபவம் வேறு. அவர்களுடைய வைத்தியம் நீண்ட காலமாகத் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. டிஸ்பென்சரியும் தோட்டத்து ஆஸ்பத்திரியும் அவர்களுக்கு, அரச வைத்தியசாலை மற்றவர்களுக்கு என்ற பிரிவு மனதில் பதிந்துவிட்டது. 1990களில் இருந்துதான் தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. அந்த வேலை முழுமையாக முடிந்ததாகவும் சொல்ல முடியாது. தோட்டத்து டிஸ்பென்சரியில் பல் அடைக்கும் கதிரையோ கருவியோ இல்லை. வலிக்கு மாத்திரை தருவார்கள், துண்டு எழுதி அனுப்புவார்கள். "அங்கே போனால் நம்மை ஏற்பார்களா" என்ற தயக்கம் இன்றும் பலரிடம் இருக்கிறது. ஏற்பார்கள். உங்களுக்குத் தோட்டத்தில் பெயர் இருக்கிறதா, எந்தக் கிராம அலுவலர் பிரிவில் பதிவு, மண்ணோடு போன அடையாள அட்டைக்குப் பதில் புதியது வந்துவிட்டதா என்பவை வெளிநோயாளர் சிகிச்சைக்கு நிபந்தனை அல்ல. அட்டை வரும்வரை பல்வலியோடு வீட்டில் இருக்க வேண்டாம்.

கொண்டுபோக வேண்டியது ஒரு கிளினிக் கொப்பி. பழையது தொலைந்திருந்தால் சாதாரண பயிற்சிக் கொப்பி ஒன்றை வாங்கி முதல் பக்கத்தில் பெயர், வயது, புதிய விலாசம், உங்களுக்கு இருக்கும் வருத்தம், எடுக்கும் மருந்து ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். சீனி வருத்தம், பிரஷர், இருதய வருத்தம் உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும் இதைக் கட்டாயம் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையின் பெயர் தெரியாவிட்டால் அட்டையையே கொண்டுபோய்க் காட்டலாம்.

எங்கே போவது

முதலில் அருகில் உள்ள பிரதேச வைத்தியசாலையில் கேளுங்கள். அங்கே பல் கிளினிக் இருக்கிறதா, எந்தெந்த நாளில் பல் வைத்தியர் இருப்பார், காலையில் எத்தனை மணிக்கு இலக்கம் கொடுப்பார்கள் என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நேரில் போய்க் கேட்பதைவிட, வேறு தேவைக்கு அந்தப் பக்கம் போகும் ஒருவரிடம் சொல்லிவிடலாம். அல்லது தொலைபேசியில் கேட்கலாம். போயா நாளிலும் விடுமுறை நாளிலும் போய் ஏமாறாதீர்கள். அங்கே செய்ய முடியாத வேலையென்றால் தியத்தலாவை ஆதார வைத்தியசாலைக்கோ பதுளை பெரியாஸ்பத்திரிக்கோ துண்டு எழுதித் தருவார்கள். துண்டு இருந்தால் அங்கே உங்கள் கதையை முதலில் இருந்து சொல்ல வேண்டியதில்லை.

இடம்மாறியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய இடத்தில் கொஸ்லந்தைதான் கிட்ட என்று இருந்திருக்கும். புதிய இடத்தில் இருந்து பண்டாரவளைக்கு நேர் பஸ் இருக்கலாம். பழக்கத்துக்காகப் பழைய வைத்தியசாலைக்கே இரண்டு பஸ் மாறிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வைத்தியசாலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. பஸ் எங்கே லேசாகப் போகிறதோ அங்கே போங்கள்.

மிகவும் சிக்கலான வேலைக்குப் பேராதனையில் பல்கலைக்கழகத்தின் பல் போதனா வைத்தியசாலை இருக்கிறது. பல் வைத்திய மாணவர்கள் விரிவுரையாளர்களின் மேற்பார்வையில் அங்கே சிகிச்சை செய்கிறார்கள். ஹப்புத்தளையோ பண்டாரவளையோ ஸ்டேஷனில் ரயில் ஏறினால் பேராதனைச் சந்தி அதே பாதையில்தான். ஆனாலும் ஒரு சாதாரண ஓட்டைக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பல தடவை வர வேண்டும் என்று சொல்லக்கூடிய வேலைக்கு, அங்கே தங்க உறவினர் வீடு இருந்தால், யோசிக்கலாம்.

மாத்திரைக்காசும் நாட்சம்பளமும்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாவாக அறிவிக்கப்பட்டது. அந்தத் தொகையை வைத்தே பார்த்தால், பல் கிளினிக்குக்குப் போகும் ஒரு நாளின் விலை 1,350 ரூபாவும் பஸ் காசும். ஓட்டை சிறிதாக இருக்கும்போது போனால் பெரும்பாலும் ஒரு நாளிலேயே அடைத்து அனுப்பிவிடுவார்கள். செலவு அந்த ஒரு பேர் மட்டும்தான்.

இப்போது போகாமல் இருந்தால் என்ன நடக்கும்? இனிப்பு பட்டால் கூசும். பிறகு குளிர் தண்ணி பட்டால் கூசும். கடையில் இரண்டு பனடோல் வாங்குவீர்கள். கராம்பு எண்ணெய் தொட்டு வைப்பீர்கள். வலி அடங்கும், ஓட்டை அடங்காது. சில மாதத்தில் இராத்திரி படுத்தால் தெறிக்கும் வலி வரும். தானாக, ஒன்றும் படாமலே வலித்தால் கிருமி பல்லின் நடுவில் உள்ள நரம்புவரை போய்விட்டது என்று அர்த்தம். அந்தக் கட்டத்தில் சாதாரண அடைப்பு போதாது. நரம்பை எடுத்து, வேரின் உள்ளே சுத்தம்செய்து அடைக்கும் வேர்ச்சிகிச்சை வேண்டும். அதற்கு இரண்டு, மூன்று தடவை, சிலவேளை அதற்கு மேலும் வரச் சொல்வார்கள். மூன்று தடவை என்றால் 4,050 ரூபா சம்பளம் போகிறது. அதற்கு முன்னால் வலியால் வேலைக்குப் போகாமல் படுத்திருந்த நாட்கள் வேறு. இலவசமான சிகிச்சையும் தள்ளிப்போடப் போட விலை ஏறிக்கொண்டே போகிறது.

அந்த நாட்செலவைக் குறைக்கச் சில வழிகள் உண்டு. கங்காணியிடமும் வெளிக்கள உத்தியோகத்தரிடமும் முதல் நாளே சொல்லி, அரைப்பேர் வேலை செய்ய முடியுமா என்று கேளுங்கள்; சில தோட்டங்களில் கிளினிக் நாளுக்கு இணங்கிப் போவார்கள், சிலவற்றில் மாட்டார்கள். வைத்தியசாலையில் வந்ததற்கான துண்டைக் கேட்டு வாங்குங்கள். தாய்க்குப் பிரஷர் கிளினிக் இருக்கும் நாளிலேயே பல் கிளினிக்கும் திறந்திருக்குமா என்று பாருங்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் காட்ட வேண்டியிருந்தால் ஒரே நாளில் போங்கள். கதிரையில் உட்கார்ந்ததும் வலிக்கும் பல்லை மட்டும் காட்டிவிட்டு எழும்ப வேண்டாம்; "மற்றப் பல்லையும் பாருங்கள், ஒரே பக்கத்தில் இரண்டு இருந்தால் இன்றைக்கே அடைக்க முடியுமா" என்று கேளுங்கள். கூட்டம் இருந்தால் முடியாது என்பார்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

"பிடுங்கி விடுங்கள்" என்று நீங்களே சொல்லாதீர்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிடுங்கினால் ஒரு நாளில் முடியும், திரும்ப வரத் தேவையில்லை, வலியும் போய்விடும். நாட்சம்பளத்தில் வாழும் ஒருவர் அப்படிக் கணக்குப் போடுவதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் கடைவாய்ப்பல் ஒன்று போனால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாயும். எதிர்ப்பக்கத்துப் பல் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். இடுக்குகளில் சோறு சிக்கி அடுத்த ஓட்டை அங்கே தொடங்கும். ஒருபக்கமாகவே மெல்லுவதால் மறுபக்கத்துப் பற்களும் தேயும். முப்பது வயதில் இரண்டு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியவர் ஐம்பது வயதில் ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்துத்தான் சாப்பிட வேண்டிவரும். பிறகு கட்டுப்பல் வைப்பதென்றால் ஓர் அடைப்பைவிடப் பல மடங்கு செலவு.

வைத்தியசாலையில் மொழிப் பிரச்சினையும் சேர்ந்துகொள்கிறது. கன்னத்தைக் காட்டி வலிக்கிறது என்று மட்டும் சொன்னால், கூட்டமான நாளில், பிடுங்க வந்தவர்களின் வரிசையில் உங்களை வைத்துவிடலாம். சிங்களத்தில் இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "கலவன்ன எப்பா, புரவன்ன புளுவன்த?" பிடுங்க வேண்டாம், அடைக்க முடியுமா என்று அர்த்தம். வைத்தியர் முடியாது என்றால் காரணத்தைக் கேளுங்கள். வேர் மட்டும் மிஞ்சியிருந்தால், அல்லது பல் முழுவதும் ஆடினால், பிடுங்குவதுதான் சரி. அப்படி இல்லாமல் அன்றைக்கு நேரம் இல்லை, மருந்து முடிந்துவிட்டது என்பதுதான் காரணமாக இருந்தால், தற்காலிக அடைப்பு வைத்து வேறொரு நாள் தரும்படி கேளுங்கள். தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும். வலி போய்விட்டது என்று அந்த நாளைத் தவறவிட்டால் பல்லும் போய்விடும்.

2022 நெருக்கடிக் காலத்தில் அரச வைத்தியசாலைகளில் மருந்துக்கும் பொருட்களுக்கும் தட்டுப்பாடு வந்தது எல்லோருக்கும் தெரியும். இப்போதும் சில நாளில் ஏதாவது ஒரு பொருள் இல்லை என்று சொல்லலாம். அப்போது உடனே தனியார் கிளினிக்குக்கு ஓட வேண்டியதில்லை. எப்போது வரும், வேறு எந்த வைத்தியசாலையில் இருக்கும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு

மூன்று வயது முதல் பதின்மூன்று வயதுவரையான பிள்ளைகளுக்கென்றே இலங்கையில் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. நியூசிலாந்து நாட்டின் முறையைப் பின்பற்றி 1950களில் தொடங்கிய ஏற்பாடு இது. மகரகமவில் பயிற்சி பெற்ற பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் பிள்ளைகளுக்கு ஓட்டை அடைப்பார்கள், பாற்பல் பிடுங்குவார்கள், துலக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பார்கள். இதற்கும் காசு இல்லை. சில நிலையங்கள் பெரிய பாடசாலையின் வளவிலேயே இருக்கும். சில வைத்தியசாலையில் இருக்கும். உங்கள் தோட்டப் பாடசாலை எந்த நிலையத்தின் கீழ் வருகிறது என்று அதிபரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் ஹல்துமுல்லை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தெரிந்திருக்கும். பிள்ளை பாடசாலை மாறியிருந்தால் பழைய பாடசாலையில் நடந்த சோதனை புதிய பாடசாலையின் பதிவில் இருக்காது. அதனால் நீங்களே போய்ச் சொல்ல வேண்டும்.

ஆறு வயதில் முளைக்கும் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த வயதில் பாற்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கும். ஒன்றும் விழாததால் அதையும் பாற்பல் என்றே பலர் நினைக்கிறார்கள். ஓட்டை விழுந்தால் "விழுந்து முளைக்கிற பல்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். அது விழுந்து முளைக்காது. சாகும்வரை இருக்க வேண்டிய பல் அது. முதலில் பழுதாவதும், பதினைந்து வயதுக்குள் பிடுங்கப்படுவதும் பெரும்பாலும் அந்தப் பல்தான். உங்கள் பிள்ளைக்கு ஆறு வயது என்றால் இன்றைக்கே வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.

பாற்பல்லையும் அலட்சியம் செய்யக் கூடாது. பின்பக்கத்துப் பாற்பல் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியது. அது இரண்டு, மூன்று வருடம் முன்னதாகப் போனால் புதிய பல்லுக்கு இடம் இல்லாமல் கோணலாக வரும்.

கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் பதியும்போதே பல் சோதனைக்கும் அனுப்பப்பட வேண்டும்; அதற்கான இடம் கர்ப்பிணிப் பதிவு அட்டையில் இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர் மறந்தால் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பல் அடைக்கக் கூடாது என்பது தவறான எண்ணம். நடுமாதங்களில் செய்வது தாய்க்கு வசதி, அவ்வளவுதான்.

எந்த அடைப்பு?

மூன்று வகையைப் பற்றிக் கேள்விப்படுவீர்கள். வெள்ளி நிறத்தில் இருப்பது அமல்கம். பாதரசம் கலந்தது, உறுதியானது, நீண்ட காலம் உழைக்கும். பாதரசத்தைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் சேர்ந்திருக்கிறது. பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், வைத்தியர் அவசியம் என்று கருதினால் ஒழிய, இதைத் தவிர்க்க வேண்டும் என்று அந்த உடன்படிக்கை நாடுகள் 2022இல் முடிவு செய்தன. ஏற்கெனவே வாயில் இருக்கும் நல்ல அமல்கத்தைப் பயத்தில் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. அப்படி எடுக்கச் சொல்லிக் காசு கேட்டால் இன்னொரு வைத்தியரிடமும் காட்டுங்கள்.

பல்லின் நிறத்திலேயே இருப்பது கொம்போசிட். பார்க்க அழகு. நன்றாக உலர்ந்த பல்லில், நேரம் எடுத்து, ஒளி பாய்ச்சி வைக்க வேண்டும். தனியார் கிளினிக்கில் பெரும்பாலும் இதைத்தான் வைப்பார்கள். மூன்றாவது கிளாஸ் அயனோமர். கொஞ்சம் வெளிறிய வெள்ளை. புளோரைட்டை மெதுவாக வெளியிடும். பெரிய கடைவாய்ப்பல்லில் மற்ற இரண்டைவிடச் சீக்கிரம் தேயலாம். ஆனால் இதற்கு ஒரு சிறப்பு உண்டு. 1980களின் நடுப்பகுதியில் தன்சானியாவில், மின்சாரம் இல்லாத கிராமங்களுக்காக, கைக்கருவியால் மட்டும் ஓட்டையைச் சுரண்டிச் சுத்தம்செய்து இதை வைத்து அடைக்கும் முறையை உருவாக்கினார்கள். 1994இல் உலக சுகாதார நிறுவனம் அந்த முறையை ஊக்குவித்தது. துளையிடும் இயந்திரம் இல்லை, பெரும்பாலும் ஊசியும் இல்லை. நடமாடும் முகாமில் கதிரையில் உட்கார வைத்து அடைத்தால், அது அரைகுறை வேலை என்று நினைக்க வேண்டாம். சிறிய ஓட்டைக்கு அது முறையான சிகிச்சை.

தனியார் கிளினிக்குக்குப் போவதென்றால்

பண்டாரவளையிலும் ஹப்புத்தளையிலும் மாலையில் திறக்கும் தனியார் கிளினிக்குகள் இருக்கின்றன. வேலை முடிந்து போகலாம், அன்றைய பேர் போகாது. அதுதான் அவற்றின் பெரிய வசதி. ஓர் அடைப்புக்குச் சில ஆயிரம் ரூபா கேட்பார்கள். ஓட்டையின் அளவு, பல்லின் எத்தனை பக்கம் பழுது, எந்தப் பொருள் என்பதைப் பொறுத்து மாறும். வேர்ச்சிகிச்சை அதைவிடப் பல மடங்கு; அதன்மேல் உறை போடுவதற்குத் தனிக் கணக்கு. ஆகவே கதிரையில் சாய்வதற்கு முன்னால் கேளுங்கள்: இந்தப் பல்லுக்கு மொத்தம் எவ்வளவு? எக்ஸ்ரேயும் மருந்தும் அதில் சேர்ந்ததா? எத்தனை தடவை வர வேண்டும்? ஒவ்வொரு தடவையும் கொடுக்கலாமா, முழுவதும் முன்பணமா? இதே வேலையை அரச வைத்தியசாலையில் செய்ய முடியுமா? மாலையில் தனியாரில் பார்க்கும் பலர் பகலில் அரச வைத்தியசாலையில் வேலை செய்பவர்கள். கடைசிக் கேள்விக்கு நேர்மையாகவே பதில் சொல்வார்கள். நாலு பல்லுக்கு வேலை இருந்தால் எது அவசரம், எது ஆறு மாதம் பொறுக்கும் என்று கேட்டு ஒவ்வொன்றாகச் செய்யலாம்.

பல் வைத்தியர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். சந்தையில் அல்லது வீடு தேடி வந்து குறைந்த காசுக்குப் பல் கட்டித் தருகிறேன் என்பவரிடம் வாயைத் திறக்காதீர்கள். அவித்துக் கிருமிநீக்கம் செய்யாத கருவியால் ஈரல் அழற்சி தொற்றலாம்.

காசைத் திரட்டும் வழிகளில் எங்களுக்கு மிகவும் பயமாக இருப்பது கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடன். வீட்டு வாசலுக்கே வந்து தருவார்கள், கேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் பத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்று எடுத்த கடனில் ஒருவர் தவறினால் மற்றவர்களின் வாசலில் வந்து நிற்பார்கள். பல் அடைக்க எடுத்த கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுக்கும் நிலை வரும். நகை அடகு வைப்பதும் அப்படித்தான். மீட்கும் நாள் தெரியாமல் வைக்காதீர்கள். அதைவிடப் பழகிய சீட்டு நல்லது. பத்து வீடு சேர்ந்து மாதம் 500 ரூபா போட்டால் மாதம் 5,000 ரூபா ஒரு வீட்டுக்குக் கிடைக்கும். அவசரம் உள்ளவருக்கு முதலில் என்று பேசி வைத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் மரண உதவிச் சங்கம் இயங்கினால், அதன் நிதியில் இருந்து வைத்தியத்துக்குச் சிறு கைமாற்றுக் கொடுக்க முடியுமா என்று கூட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம். தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்திலும் சமுர்த்தி வங்கியிலும் அங்கத்தவராக இருப்பவர்கள் கடன் நிபந்தனையை அங்கேயே விசாரியுங்கள். வாங்குமுன் மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

கன்னமோ தாடையின் கீழோ வீங்கி, காய்ச்சலும் வந்து, வாயைத் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமாக இருந்தால் அது பல்வலி என்ற கணக்கில் வராது. கிருமி கழுத்துப் பக்கம் இறங்குகிறது. இராத்திரி என்றாலும், ஞாயிற்றுக்கிழமை என்றாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். முன்னர் யாரோ வாங்கி மிச்சம் வைத்த அன்டிபயோடிக்கை விழுங்கிவிட்டுக் காலைவரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.

வெத்திலை, பாக்கு, புகையிலை போடுகிறவர்களுக்கும் ஒரு சொல். பல் காட்டப் போகும் நாளிலேயே கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். புகையிலை சேர்க்காமல் பாக்கை மட்டும் மென்றாலும் ஆபத்து உண்டு. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாய் முன்புபோல் அகலத் திறக்காமை ஆகியவற்றில் எது இருந்தாலும் மறைக்க வேண்டாம். இந்தச் சோதனையும் இலவசம்.

அடைத்து வந்த பிறகு

மரக்கச் செய்யும் ஊசி போட்டிருந்தால் உணர்வு திரும்பும்வரை சாப்பிட வேண்டாம். கன்னத்தையும் நாக்கையும் கடித்துவிடுவீர்கள். பிள்ளைகளை இதில் கண்காணிக்க வேண்டும். அமல்கம் வைத்திருந்தால் அடுத்த நாள்வரை அந்தப் பக்கம் மெல்லாதீர்கள். சில நாள் கூசுவது வழக்கம். நாளுக்கு நாள் கூடினால் திரும்பப் போங்கள். மெல்லும்போது அந்தப் பல் முதலில் இடித்தால் அடைப்பு கொஞ்சம் உயரமாக இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் தேய்த்துச் சரிசெய்வார்கள். அதற்கும் அரச கிளினிக்கில் காசு இல்லை.

இராத்திரி படுக்குமுன் புளோரைட் உள்ள பற்பசையால் துலக்குங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஓர் அரிசி அளவு, அதற்கு மேல் ஒரு பட்டாணி அளவு போதும். ஆறேழு வயதுவரை நீங்களே துலக்கிவிட வேண்டும். சீனிபோட்ட பால் போத்தலை வாயில் வைத்தபடி தூங்கவிடாதீர்கள். தேத்தண்ணியை விடச் சொல்லமாட்டோம், இந்தக் குளிரில் அது முடியாது. மலையில் கொண்டுபோய்க் குடிக்கும் சாயத்தில் சீனியைக் குறைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு கடி என்று சீனியை நக்கிக் குடிக்கும் பழக்கத்தில் பல் நாள்முழுவதும் சீனியில் ஊறிக்கிடக்கிறது. அடைப்பு கழன்று விழுந்தால் அதே கிளினிக்குக்கு, அதே கொப்பியோடு, அந்தக் கிழமையிலேயே போங்கள்.